வெள்ளையரோடு மோதிய புச்சி பாபு

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் பையன்கள் மட்டையும் பந்துமாகக் கிளம்பி விடுகிறார்கள். ஒருநாள் சேப்பாக்கத்தில் ஆட வேண்டும் என்பது அவர்களில் பலருடைய கனவு. ஒரு காலத்தில் அந்தச் சேப்பாக்கத்தில் இந்தியர் உட்கார்ந்து சாப்பிடக்கூட இடம் கிடையாது! அந்த நிலையை மாற்றப் பாடுபட்டவர் புச்சி பாபு நாயுடு. சென்னைக் கிரிக்கெட்டின் தந்தை என்று போற்றப்படுபவர் அவர்தான்.

செல்லப்பிள்ளை

புச்சி பாபு 1868ஆம் ஆண்டு பிறந்தார். இயற்பெயர் வெங்கட மகிபதி நாயுடு. பாட்டனார் வீட்டில் செல்லமாக வளர்ந்தார். பாட்டனார் பாரி கம்பெனியின் துபாஷி. வெள்ளைக்காரருக்கும் உள்ளூர் வியாபாரிகளுக்கும் நடுவே நின்று காரியம் முடித்துக் கொடுப்பது துபாஷியின் வேலை. அதனால் பணத்துக்குக் குறைவில்லை. மயிலாப்பூர் லஸ்ஸில் பெரிய மாளிகை இருந்தது. பிள்ளைகளைக் கவனிக்க வெள்ளைக்கார ஆயாக்கள் இருந்தார்கள். அவர்களோடு விளையாட்டுப் பார்க்கப் போன சிறுவனுக்குக் கிரிக்கெட் மீது ஆசை பிறந்தது.

மரத்தடிச் சாப்பாடு

சேப்பாக்கம் மைதானம் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பின் கையில் இருந்தது. 1846இல் தோன்றிய அந்தக் கிளப்பில் அப்போது வெள்ளையர் மட்டுமே சேரலாம். இந்தியர் ஆட வந்தாலும் பெவிலியனுக்குள் நுழைய முடியாது. மரத்தடியில்தான் சாப்பாடு. இது புச்சி பாபுவின் மனத்தைச் சுட்டது.

அவர் சண்டைக்குப் போகவில்லை. 1888இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். எஸ்பிளனேடில் இந்தியர் ஆட இடம் கிடைத்தது. திறமை இருந்தும் வசதி இல்லாத இளைஞர்களுக்குத் தம் பணத்தில் மட்டையும் உடையும் வாங்கிக் கொடுத்தார். பிறகு வெள்ளையர் கிளப்பையே போட்டிக்கு அழைத்தார்.

காணாத போட்டி

இந்தியர் அணியும் ஐரோப்பியர் அணியும் சேப்பாக்கத்தில் சரிசமமாக மோத வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். 1908ஆம் ஆண்டின் இறுதியில் அந்தப் போட்டி நடைபெற இருந்தது. அதற்குச் சில நாட்கள் முன்பு புச்சி பாபு காலமானார். வயது 40தான்! போட்டி நடந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை.

1915க்குப் பின் அது மாகாணப் போட்டி என்ற பெயரில் பொங்கல் சமயத்துத் திருவிழாவாயிற்று. செங்கற்பட்டு மாவட்டத்து மொறப்பாக்கத்தில் பிறந்த எம்.ஜே. கோபாலன் அதில் இந்தியர் பக்கம் ஆடிப் புகழ் பெற்றார். அவருடைய திறமையைக் கண்டுபிடித்தவர் ஜான்ஸ்டன் என்ற வெள்ளைக்கார ஆட்டக்காரர்! 1934இல் ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தைச் சேப்பாக்கத்தில் வீசியவரும் கோபாலன்தான்.

திரை விழுந்தது

ரஞ்சிக் கோப்பை வளர வளர மாகாணப் போட்டியின் மவுசு குறைந்தது. 1947இல் சுதந்திரம் வந்தது. வெள்ளையர் கப்பல் ஏறினார்கள். எதிரணிக்கு ஆள் ஏது? 1952உடன் போட்டி நின்றது.

புச்சி பாபுவின் இளைய மகன் கோட்டா ராமசாமி டேவிஸ் கோப்பை டென்னிசிலும் இந்தியாவின் டெஸ்ட் அணியிலும் ஆடினார். தந்தையின் பெயரால் நடந்த போட்டி 1960களில் அகில இந்தியப் போட்டியாக வளர்ந்தது. இடையில் சில ஆண்டுகள் நின்று, 2023இல் மறுபடி தொடங்கியது. வெள்ளையரை எதிர்த்து ஆட அவர் உண்டாக்கிய போட்டி மறைந்துவிட்டது. ஆனால் சேப்பாக்கத்தில் ஆட வரும் எந்தப் பையனும் இன்று மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டியதில்லை.