ஓடு வனைந்த அடியார்

சிவாலயங்களிலே அறுபத்து மூவர் திருவுருவங்களைத் தொழுது செல்லும் நாம், அவ்வடியார்கள் என்ன தொழில் செய்து உண்டார்கள் என்பதைப் பெரும்பாலும் எண்ணுவதில்லை. அரசரும் அந்தணரும் நிற்கும் அவ்வரிசையிலே தில்லையில் வாழ்ந்த குயவர் ஒருவரும் நிற்கின்றார். அவரே திருநீலகண்ட நாயனார். சுந்தரமூர்த்தி நாயனார் திருத்தொண்டத்தொகையிலே தில்லைவாழ் அந்தணரை அடுத்து இவரையே போற்றினார். 12ஆம் நூற்றாண்டிலே சேக்கிழார் இவர் சரிதத்தை விரித்துப் பாடினார். நல்லூர் ஆறுமுக நாவலர் பெரியபுராணத்தை வசனமாக்கியபின், ஈழத்து மாணவரும் அதனை எளிதிற் கற்றனர்.

மண்ணைப் பிசைந்து, சக்கரத்தில் ஏற்றி, வனைந்து, உலர்த்தி, சூளையிற் சுட்டெடுப்பது குயவர் தொழில். அத்தொழிலால் வாழ்ந்த நாயனார், சிவனடியார்க்கு வேண்டும் திருவோடுகளை அன்போடு வனைந்து ஈந்தார். கை அறிந்த தொழிலே அவருக்குத் தொண்டாயிற்று.

இத்தகையவரும் இளமையில் வழுவினார். பரத்தை ஒருத்தியிடம் சென்று மீண்ட கணவரை, தம்மைத் தீண்டலாகாதென்று மனைவியார் திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டுத் தடுத்தார். அவர் தம்மைப் பன்மையாற் சுட்டியமையின், எந்த மாதரையும் மனத்தாலும் தீண்டுவதில்லையென நாயனார் உறுதிகொண்டார். ஒரே மனையில், அயலார் அறியாவண்ணம், முதுமை வருமளவும் இருவரும் அவ்வாணையைக் காத்தனர்.

ஒருநாள் இறைவன் சிவயோகியாய் வந்து, ஓர் ஓட்டினை நாயனாரிடம் ஒப்புவித்துச் சென்றார். பின்பு தாமே அதனை மறையச் செய்து, மீண்டு வந்து கேட்டார். தேடிக் காணாது கலங்கிய நாயனார், அதனினும் நல்லதோர் ஓடு தருவதாகக் கூறினார். பொன்னாற் செய்து தரினும் யோகியார் கொள்வதாயில்லை. எத்தனையோ ஓடுகளை வனைந்த கைதான். ஆயினும் நம்பி ஒப்புவிக்கப்பட்ட அந்த ஒன்றை அக்கையால் மீள வனைய இயலவில்லை.

களவில்லையெனின் மனைவியின் கைபற்றிக் குளத்தில் மூழ்கிச் சத்தியம் செய்யவேண்டும் என்றார் யோகியார். வழக்கினைக் கேட்ட தில்லைவாழ் அந்தணரும் அதுவே முறையென்றனர். திருப்புலீச்சரத்தின் முன்னுள்ள குளத்திலே, கணவரும் மனைவியாரும் ஒரு மூங்கிற்கழியின் இரு முனைகளையும் பற்றி இறங்கினர். கையையே பற்றவேண்டுமென்று யோகியார் வற்புறுத்தினார். தொட்டால் ஆணை அழியும். தொடாவிடிற் கள்வர் என்னும் பழி நிலைக்கும். காரணம் கூறினாலோ, நெடுங்காலம் மறைந்திருந்த தம் வழுவினை ஊர் அறியும். நாயனார் மூன்றாவதையே ஏற்றார். நடந்தவற்றை யாவரும் கேட்கச் சொல்லி, மனைவியாரோடு நீரில் மூழ்கினார். இருவரும் இளமை பெற்றெழுந்தனர். யோகியார் மறைய, இறைவன் உமையம்மையோடு இடபத்தின்மேற் காட்சி தந்தருளினார்.

தை விசாகம் நாயனாரது குருபூசை நாள். கல்லூரி வாயிலைக் கடந்து வெவ்வேறு தொழில்களிற் புகும் நாம் அந்நாளில் இச்சரிதத்தை நினைத்தல் தகும். உடைந்த கலத்துக்கு வேறு கலம் வனையலாம். நம்மை நம்பியவர்முன் கை வெறுமையாய் நிற்க நேர்ந்தால், மறையாது உண்மை கூறுதலே நாம் தரக்கூடிய பொருள்.