பூவுக்குப் பெயரான பெண்மணி

இங்கிலாந்து நாட்டில் விஸ்லி என்ற இடத்தில் ஒரு பெரிய பூந்தோட்டம் இருக்கிறது. அங்கே "மக்னோலியா" என்று ஒரு பூமரம். அதில் ஒரு ரகம், இலை துளிர்க்கும் முன்பே வெள்ளை வெளேர் என்று பூத்துக் குலுங்கும்.

அந்த ரகத்தின் பெயர் என்ன தெரியுமா? "ஜானகி அம்மாள்!"

வெள்ளைக்காரர் தோட்டத்தில் நம் நாட்டுப் பெண்ணின் பெயர் எப்படி வந்தது?

கல்யாணமா? படிப்பா?

ஜானகி அம்மாள் 1897-ம் ஆண்டு நவம்பர் 4-ந் தேதி தலைச்சேரியில் பிறந்தார். அந்த ஊர் அப்போது சென்னை ராஜதானியில் இருந்தது. தந்தை நீதிபதி. செடி கொடிகளில் ஆசை உள்ளவர். அந்த ஆசை மகளுக்கும் வந்தது.

சென்னை ராணி மேரி கல்லூரியிலும், மாநிலக் கல்லூரியிலும் ஜானகி படித்தார். பிறகு சென்னையிலேயே ஆசிரியை ஆனார்.

வீட்டில் கல்யாணப் பேச்சு எழுந்தது. மாப்பிள்ளை சொந்தக்காரர். அதே நேரத்தில் அமெரிக்காவில் உள்ள மிச்சிகன் பல்கலைக்கழகம், உதவிச் சம்பளம் கொடுத்துப் படிக்க அழைத்தது.

ஜானகி கப்பல் ஏறினார். கடைசி வரை கல்யாணமே செய்துகொள்ளவில்லை. 1931-ல் டாக்டர் பட்டம் பெற்றார். அந்தக் காலத்தில் நம் நாட்டுப் பெண்களில் பலர் பள்ளிக்கூடத்தையே பார்த்ததில்லை!

இழை எண்ணும் வேலை

ஆரணி, களம்பூர் பக்கத்தில் தறி நெய்கிறவர்களுக்குப் பாவு இழையின் கணக்கு தெரியும். இழை கூடினாலும் குறைந்தாலும் துணி மாறிவிடும்.

செடிக்கு உள்ளேயும் அப்படி இழைகள் உண்டு. அவற்றுக்குக் "குரோமோசோம்" என்று பெயர். கண்ணுக்குத் தெரியாது. பூதக்கண்ணாடியிலே பெரிய கருவி வைத்துத்தான் பார்க்க வேண்டும். செடியின் உயரம், பூவின் நிறம், பழத்தின் ருசி எல்லாம் அவற்றில் அடங்கி இருக்கின்றன. அந்த இழைகளை எண்ணுவதுதான் ஜானகி அம்மாளின் வேலை.

1934-ல் கோவையில் உள்ள கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். கரும்பையும் காட்டு நாணலையும் ஆராய்ந்தார். கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்துகூடப் புதுச் செடி உண்டாக்கினார்.

குண்டு மழையில்

1939-ல் ஒரு விஞ்ஞான மாநாட்டுக்காக எடின்பரோ நகருக்குப் போனார். அந்த நேரம் பார்த்து யுத்தம் மூண்டது. ஜானகி இங்கிலாந்திலேயே தங்கிவிட்டார்.

லண்டனில் குண்டு மழை பொழிந்தது. குண்டு விழும்போது கட்டிலுக்கு அடியில் பதுங்குவாராம். விடிந்ததும் உடைந்த கண்ணாடித் துண்டுகளைப் பெருக்கிவிட்டு வேலையைத் தொடருவாராம்!

1945-ல், டார்லிங்டன் என்ற விஞ்ஞானியுடன் சேர்ந்து ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார். மனிதன் வளர்க்கும் செடிகளின் குரோமோசோம் கணக்கு அதில் இருக்கிறது.

பூ வர்ணனை

பூ ரகங்களைப் பற்றி எழுதுவது மிகப் பழைய வழக்கம். சீனாவில் "பியோனி" என்ற பூ பெயர் பெற்றது. 1034-ம் ஆண்டு வாக்கிலேயே ஓயாங் சியு என்ற அறிஞர் அந்தப் பூவின் 24 ரகங்களை வர்ணித்து எழுதினார். முதலில் வளர்த்த குடும்பத்தின் பெயரையே சில ரகங்களுக்கு வைத்திருந்தார்கள்.

அவர்கள் எழுதியது கண்ணால் கண்ட நிறத்தையும் இதழையும். விஸ்லி தோட்டத்தில் 1945-ல் வேலைக்குச் சேர்ந்த ஜானகி அம்மாளோ, உள்ளே இருந்த இழையைப் பார்த்தார்.

பட்டுப்பூச்சிக்கு இலை கொடுக்கும் வெள்ளை முசுக்கட்டையில் பொதுவாக 28 குரோமோசோம்கள். அதன் உறவான கருப்பு முசுக்கட்டையிலோ 308! இந்தக் கருப்பு முசுக்கட்டை எப்படித் தோன்றியது என்று அவர் 1948-ல் கட்டுரை எழுதினார்.

மக்னோலியா நாற்றுகளுக்குக் "கால்சிசின்" என்ற மருந்து வைத்தார். நம் ஊர் வேலிகளில் படரும் செங்காந்தள் கிழங்கில் உள்ள அதே விஷம்தான். அது குரோமோசோம்களை இரட்டிப்பாக்கும். இலை தடித்தது, பூவிதழும் தடித்தது. அந்த ஆராய்ச்சியின் நினைவாகத்தான் பூவுக்கு அவர் பெயர் வந்தது.

தாய்நாடு அழைத்தது

1951-ல் பிரதமர் நேரு அழைத்தார். ஜானகி அம்மாள் திரும்பி வந்தார். இந்தியத் தாவர ஆய்வுத் துறையைச் சீர்படுத்தும் பொறுப்பை ஏற்றார். 1977-ல் "பத்மஸ்ரீ" விருது பெற்றார்.

கேரளத்தில் அமைதிப் பள்ளத்தாக்கு என்ற காட்டில் அணை கட்டத் திட்டம் போட்டார்கள். காடு மூழ்கிப் போகும். 80 வயதைத் தாண்டிய ஜானகி அம்மாள் அதை எதிர்த்துக் குரல் கொடுத்தார். மின்சாரம் வேண்டாம் என்று அவர் நினைக்கவில்லை. அழிந்த செடியை யாராலும் திரும்ப உண்டாக்க முடியாது என்று அவருக்குத் தெரியும்.

கடைசிக் காலத்தில் சென்னையை அடுத்த மதுரவாயலில் தங்கி ஆராய்ச்சி செய்தார். 1984 பிப்ரவரி மாதம் காலமானார். அதே ஆண்டு நவம்பரில் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதைப் பார்க்க அவர் இல்லை.

அவருக்குப் பிள்ளை குட்டி கிடையாது. ஆனால், ஆண்டுதோறும் வசந்த காலம் வந்ததும், கடல் கடந்த ஊரில் அவர் பெயர் பூக்கிறது!