கதவோரம் நின்ற பிச்சைக்காரர்: புத்தளம் வழியே போன யோசேவாஸ் அடிகளார்

தில்லையடிக்கு மேற்கே புத்தளம் களப்பு. களப்புக்கு அப்பால் கற்பிட்டிக் குடாநாடு. இன்று இந்தப் பக்கம் வருபவர்களுக்கு உப்பளங்களும் இறால் பண்ணைகளும் மீன்பிடி வள்ளங்களும்தான் கண்ணில் படும். முந்நூறு வருடங்களுக்கு முன்னர் இந்த நீர் ஓர் எல்லையாக இருந்தது. கற்பிட்டியில் ஒல்லாந்தரின் கோட்டை. இக்கரையில் கண்டி அரசனுக்குச் சொந்தமான புத்தளம் துறை. ஒரு கத்தோலிக்கக் குரு அக்கரையில் பிடிபட்டால் தொலைந்தார். இக்கரையில் கொஞ்சம் மூச்சு விடலாம். 1690இல் யாழ்ப்பாணத்திலிருந்து தப்பி வந்த யோசேவாஸ் அடிகளார் அப்படி மூச்சு விட்ட இடம் இது.

2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அன்று பிற்பகலே பாப்பரசர் மடுவுக்கும் போனார். மடுவில் வெயிலில் நின்ற சனங்கள் பாப்பரசரைப் பார்த்த அளவுக்கு அந்தப் புதிய புனிதரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான். கோயில் சுரூபங்களில் அவர் கையில் சிலுவையோடு அமைதியாக நிற்கிறார். அவர் வாழ்ந்த வாழ்க்கையில் அந்த அமைதி கிடையாது.

அவரைப் பற்றி இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. போரால் பாதிக்கப்பட்ட குடும்பங்களைச் சந்தித்து எழுதுவது என் வேலையின் பெரும் பகுதி. கத்தோலிக்கக் கிராமங்களுக்குப் போகும்போது, குறிப்புப் புத்தகத்தை மூடிய பிறகு, சிலர் தாழ்ந்த குரலில் ஒன்றைச் சொல்வார்கள்: கோயிலுக்குப் போய்க் கனகாலம். காணாமல் போன பிள்ளைக்காக நேர்த்தி வைத்து வைத்துக் களைத்தவர்கள், பதுங்குகுழிக்குள் சொன்ன செபமாலைக்குப் பிறகு செபமே வராதவர்கள், உதவி தந்த வேறு சபையில் சேர்ந்தவர்கள். இவர்களுக்குக் கடவுளில் கோபம் இருக்கலாம். ஆனால் கோபத்தைவிடப் பெரிதாக நான் கண்டது வெட்கம். இவ்வளவு காலம் போகாமல் இருந்துவிட்டு இப்போது எந்த முகத்தோடு போவது என்ற வெட்கம்.

யோசேவாஸ் அடிகளார் யாழ்ப்பாணத்தில் கண்ட மக்களும் அப்படித்தான் இருந்தார்கள்.

1658இல் ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள். கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டனர். குரு ஒருவருக்கு வீட்டில் இடம் கொடுத்தால் மரணதண்டனை என்று கட்டளை வந்தது. கோயில்கள் சீர்திருத்தச் சபையின் கைக்குப் போயின. ஒவ்வொரு ஊரிலும் கோயிலோடு பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்தில் தோம்பு. பிறப்பு, ஞானஸ்நானம், கலியாணம் எல்லாம் அந்தத் தோம்பில் ஏற வேண்டும். ஏறாவிட்டால் கலியாணம் செல்லாது, காணி பிள்ளைக்குச் சேராது, உத்தியோகம் கிடையாது. 1660களில் யாழ்ப்பாணத்தில் மட்டும் 60,000க்கும் மேற்பட்டவர்களைத் தமது கிறிஸ்தவர்கள் என்று ஒல்லாந்தர் கணக்குக் காட்டினார்கள். காணியையும் பிள்ளையின் எதிர்காலத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு எடுத்த கணக்கு அது.

அந்த மக்களைக் கோழைகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எந்த அதிகாரத்தின் பதிவேட்டிலும் பெயர் கொடுத்து, எந்தக் கொடிக்குக் கீழும் வரிசையில் நின்று உயிர் தப்பிய தலைமுறை நாங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒல்லாந்தரின் பிரசங்கத்துக்குப் போய்வந்து, இரவில் கதவைச் சாத்திவிட்டுச் செபமாலை சொன்ன வீடுகள் அன்று இருந்தன. உத்தியோகத்துக்காக முழுமையாக மாறிப்போன வீடுகளும் இருந்தன. எதுவும் நினைவில் இல்லாமல் போன வீடுகள்தான் மற்றவை. 1658இல் பிறந்த பிள்ளை 1687இல் இருபத்தொன்பது வயது ஆள். அவருக்குக் கலியாணமாகி, பிள்ளைகளும் பிறந்து, அதுவரை பாவசங்கீர்த்தனம் கேட்க ஒரு குரு ஊரில் நிலையாக இருந்ததை அவர் கண்டதே இல்லை.

1687இல் அந்த யாழ்ப்பாணத்துக்குள் ஒரு பிச்சைக்காரர் வந்தார்.

அவர் கோவாக்காரர். 1651 ஏப்ரல் 21இல் தாயின் ஊரான பெனவுலிமில் பிறந்தவர். தந்தையின் ஊர் சங்க்வாளி. கொங்கணி பேசும் பிராமண வழி வந்த கத்தோலிக்கக் குடும்பம். 1676இல் குருவானார். சங்க்வாளியில் இலத்தீன் பள்ளிக்கூடம் நடத்தினார். இலங்கையின் நிலையைக் கேள்விப்பட்டு அங்கே போக அனுமதி கேட்டபோது, முதலில் அவரைக் கன்னடக் கரைக்கு அனுப்பினார்கள். அங்கே மூன்று வருடம் போயிற்று. திரும்பி வந்து கோவாவில் சுதேசக் குருமார் சிலர் சேர்ந்து வாழ்ந்த ஒரு சிறு குழுவில் 1685இல் இணைந்தார். புனித பிலிப்பு நேரியின் ஒரட்டோரியன் சபையாக அது உருவானது. ஐரோப்பியரின் துறவற சபைகள் இந்தியர்களைச் சேர்த்துக்கொள்ளாத காலம். அதனால்தான் இப்படி ஒரு சபை தேவைப்பட்டது. வாசலில் நிறுத்தப்பட்டவர்களின் சபையிலிருந்து புறப்பட்ட ஒருவர்தான் வாசலுக்கு வெளியே நின்றவர்களைத் தேடி வந்தார்.

இன்னொன்றும் இதில் உண்டு. வெள்ளைக்காரக் குரு ஒருவரால் ஒல்லாந்தரின் யாழ்ப்பாணத்தில் ஒரு நாள்கூட மறைந்திருக்க முடியாது. கூலியாளைப் போல வேட்டி கட்டி வெறுங்காலோடு நடக்க யோசேவாஸால் முடிந்தது. தோல் நிறம் அவருக்குக் கதவு திறந்த இடம் இதுவாகத்தான் இருக்கும்.

1686இல் ஜோன் என்ற இளைஞரோடு புறப்பட்டுத் தூத்துக்குடி வந்து, அங்கிருந்து தோணி ஏறினார். புயலில் அகப்பட்டு மன்னாருக்கு ஒதுங்கி, பிறகு யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தபோது பட்டினியும் கடும் வயிற்றுளைவும் அவரைச் சாய்த்துவிட்டன. ஒரு பெண் கொண்டுவந்து கொடுத்த கஞ்சிதான் உயிரைக் காத்தது என்று அவரது வரலாறு சொல்கிறது. எழுந்து நடக்க முடிந்ததும் பிச்சைக்குப் புறப்பட்டார். கழுத்தில் செபமாலை தொங்கியது. வீடு வீடாகப் போய் நின்றார். நானொரு குரு என்று யாரிடமும் சொல்லவில்லை. செபமாலையைப் பார்த்து யாருடைய முகம் மாறுகிறது என்று அவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஒல்லாந்தர் அனுப்பிய ஒற்றனோ என்ற பயம் அந்த வீட்டாருக்கு இருந்திருக்க வேண்டும். ஒருவரையொருவர் நோட்டம் பார்த்து, ஒருநாள் ஒரு கதவு திறந்தது. அதன் பிறகு இரவுகளில் பூசை, இரவுகளில் பாவசங்கீர்த்தனம், விடியுமுன் இடம் மாறுதல். தமிழும் படித்துக்கொண்டார்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது ஒழுங்குமுறை. விலகிப் போனவர்கள் முதலில் வந்து நிற்கட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. வெட்கப்பட வேண்டிய கோலத்தில் முதலில் போய் நின்றது அவர்தான்.

1689இல் சில்லாலையில் தங்கினார். அங்கே கத்தோலிக்கர் தொகையும் அதிகம், துணிவும் அதிகம். சனம் திரும்பி வருவது ஒல்லாந்தரின் காதுக்கு எட்டியது. அந்த வருட நத்தார் இரவில் பூசைக்குக் கூடியிருந்தவர்களைப் படையினர் சுற்றி வளைத்தார்கள். நூற்றுக்கணக்கானோர் பிடிபட்டனர். அடிகளார் மட்டும் அகப்படவில்லை. பிடிபட்ட ஆண்களில் சிலருக்குக் கடுமையான அடியும் கட்டாய வேலையும் தண்டனையாகக் கிடைத்தன. அடியிலேயே இறந்தவர் ஒருவர். ஒல்லாந்தரின் சபையில் இருந்து, பிறகு கத்தோலிக்கராகத் திரும்பியவர் அவர். திரும்பி வந்ததற்கு அவர் கொடுத்த விலை அது. புனிதர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. எனக்கென்னவோ அந்த மனிதரைத் தாண்டிப் போக முடியவில்லை.

அதன் பிறகுதான் புத்தளம். கண்டிக்கு உப்பும் கருவாடும் போய், உள்நாட்டுப் பாக்கு வந்து இறங்கிய துறை. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லோரும் புழங்கிய இடம். ஏறத்தாழ ஒரு வருடம் இங்கே அவர் பகலிலேயே பணி செய்ய முடிந்தது. மூன்று நூற்றாண்டு கழித்து, 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்கள் இந்தப் புத்தளம் மண்ணில்தான் வந்து இறங்கினார்கள். தில்லையடியில் குடிசை போட்டு, பிறகு கல்வீடு கட்டியவர்கள் அவர்கள். வடக்கிலிருந்து துரத்தப்படுபவர்களுக்கு இடம் கொடுப்பது இந்தக் கரைக்கு அப்போதே பழகிவிட்டது போலும். திரும்பிப் போவது என்ற சொல்லை இங்கே யாரும் இலேசாகச் சொல்வதில்லை. திரும்பிப் போகிறவனுக்குப் பழைய வாசலில் யார் நிற்பார்கள் என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது.

1692இல் புத்தளத்திலிருந்து கண்டிக்குப் போனார். அரசசபையில் செல்வாக்கோடு இருந்த பிரெஞ்சுக்காரரான கல்வின் மதத்தவர் ஒருவர், வந்திருப்பவர் போர்த்துக்கேயரின் ஒற்றன் என்று இரண்டாம் விமலதர்மசூரிய மன்னனிடம் சொல்லிவைத்திருந்தார். ஊருக்குள் நுழையும்போதே காவல். ஜோனும் கூட அழைத்து வந்தவரும் அவரோடு அடைபட்டார்கள். அடிகளார் அந்தக் காவலில் இருந்தபடியே சிங்களம் படித்தார். தப்பி ஓட மாட்டார் என்று காவலர்களுக்கு விளங்கியதும் முற்றத்தில் ஒரு கொட்டில் போட விட்டார்கள். அதுவே கோயில் ஆனது. கண்டியில் வாழ்ந்த பழைய போர்த்துக்கேயக் கைதிகளின் வழிவந்தவர்கள் அங்கே வரத் தொடங்கினார்கள். ஒரு வரட்சியின்போது அவர் செபித்து மழை பெய்தது என்றும், அதனால் அரசன் மனம் இளகியது என்றும் கத்தோலிக்கர் நம்புகிறார்கள்.

1697இல் கோவாவிலிருந்து மேலும் குருமார் வந்தனர். பத்து வருடமாகத் தனி ஆளாக முழுத் தீவையும் சுமந்தவருக்கு அப்போதுதான் துணை கிடைத்தது. அவர்களில் யோசப் மெனேசஸ் அடிகளார் புத்தளத்தில் நின்று பணி செய்தார். யோசப் கர்வாலோ என்பவர் அடிகளாரின் மருமகன் முறை. அந்தக் காலத்தில்தான் கண்டியில் வைசூரி பரவியது. அரசனும் பிரதானிகளும் நகரை விட்டு விலகினார்கள். நோயாளிகளைச் சொந்தக்காரர்களே காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். மாமனும் மருமகனும் அவர்களைத் தேடிப் பிடித்து, கைவிடப்பட்ட வீடுகளில் கிடத்தி, கஞ்சி ஊட்டி, புண் கழுவி, இறந்தவர்களைப் புதைத்தார்கள். பௌத்தரா கத்தோலிக்கரா என்று பார்க்கவில்லை. 2009இல் வன்னியில் சனத்தோடு கடைசிவரை நின்ற குருமாரை நேரில் கண்ட வாசகர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அரசன் அவருக்கு நாடு முழுவதும் போக அனுமதி கொடுத்தான்.

பின்னர் நீர்கொழும்பு, கொழும்பு என்று ஒல்லாந்தரின் பகுதிகளுக்குள்ளும் மாறுவேடத்தில் போய் வந்தார். ஆயர் பதவி தேடி வந்தபோது மறுத்தார். 1705இல் வந்து சேர்ந்த யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் எழுதி, குரு வரமுடியாத நாட்களில் ஊரார் தாங்களே கூடிச் செபிக்க வழி செய்தார். குரு இல்லாமல் முப்பது வருடம் கிடந்த ஊர்களுக்கு அந்த நூல்களின் அருமை தெரியும்.

ஒல்லாந்தரின் தோம்பு மேலும் பல காலம் நடந்தது. 1796இல் அவர்கள் போனதும், தோம்பில் இருந்த பெயர்களில் பெரும்பகுதி அவர்களின் சபையில் நிற்கவில்லை. 1806இல் ஆங்கிலேயர் கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளை நீக்கினார்கள்.

யோசேவாஸ் அடிகளார் அதற்கு வெகு முன்னரே, 1711 ஜனவரி 16இல், கண்டியில் இறந்துவிட்டார். வயது 59. கோவாவைப் பிறகு ஒருமுறையேனும் அவர் பார்க்கவில்லை. இலங்கைக்கு வந்தவர் இலங்கையிலேயே தங்கிவிட்டார். கண்டியில் அவரை அடக்கம் செய்தார்கள். அந்தக் கோயில் பின்னாளில் அழிந்தது. அவருடைய கல்லறை எந்த இடம் என்று இன்று காட்ட முடியாது.