‘ஓவியப் புலி’ மகேந்திரவர்மன்: ஒரு படம்கூட மிஞ்சவில்லை, ஆனாலும் கை ஓயவில்லை என்று எப்படித் தெரியும்?

ஸ்கெட்ச்புக் வாங்குவது ஈஸி. முதல் மூணு பக்கம் ஆர்வமா ஓடும். நாலாவது பக்கத்துக்கு வரும்போது ஆபீஸ் டெட்லைன் வந்து நிற்கும். அப்புறம் அந்த நோட்டு அலமாரியில் தூங்கும். வரைய ஆசைப்பட்டு வேலைக்கும் போகிற யாருக்கும் இது பழகிய கதைதான்.

சுமார் 1,400 வருஷங்களுக்கு முன் இதே பிரச்சினை ஒருவருக்கு இருந்திருக்க வேண்டும். அவருடைய வேலை அரசாள்வது. காஞ்சிபுரத்தில் இருந்துகொண்டு தொண்டை மண்டலத்தைக் கவனிக்கணும், வடக்கே இருந்து வரும் சாளுக்கியப் படையைச் சமாளிக்கணும், குளம் வெட்டணும். இதற்கு நடுவே தனக்குத் தானே ஒரு பட்டப்பெயர் வைத்துக்கொண்டார்: சித்திரகாரப்புலி. ஓவியர்களில் புலி என்று அர்த்தம்.

அவர்தான் முதலாம் மகேந்திரவர்மன். கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ படித்தவர்களுக்கு அறிமுகமே தேவையில்லை. ஆனால் நாவலில் வரும் மகேந்திரரையும், கல்வெட்டில் தெரியும் மகேந்திரரையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்கணும். அஜந்தா வண்ண ரகசியத்துக்காக ஏங்கும் ஆயனச் சிற்பி கல்கியின் கற்பனை. சித்திரகாரப்புலி என்ற பெயர் கல்லில் வெட்டியிருக்கும் நிஜம்.

பெயர்களைச் சேகரித்த அரசர்

தந்தை சிம்மவிஷ்ணு, மகன் ‘மாமல்லன்’ நரசிம்மவர்மன். நடுவில் இவர். கி.பி. 600 முதல் 630 வரை ஆண்டார் என்பது பொதுவான கணக்கு. தொடக்கத்தை 590 என்று வைப்பவர்களும் உண்டு.

மற்ற அரசர்களுக்கும் பட்டப்பெயர்கள் இருந்தன. பெரும்பாலும் அதைக் கொன்றவன், இதை வென்றவன் என்ற ரகம். இவருக்கும் அப்படிச் சில உண்டு. சத்ருமல்லன், அதாவது எதிரிகளோடு மோதும் மல்லன். ஆனால் மீதிப் பட்டியலைப் பாருங்க. விசித்திரசித்தன்: வித்தியாசமாக யோசிக்கும் மனசுக்காரன். மத்தவிலாசன்: களிப்பில் திளைப்பவன். சேத்தகாரி: கோயில் கட்டுகிறவன். பல்லாவரத்திலும் திருச்சி மலைக்கோட்டையிலும் உள்ள குடைவரைகளில் இந்தப் பெயர்களை வரிசையாக வெட்டி வைத்திருக்கிறார். இன்றைய இன்ஸ்டா பயோ மாதிரி என்று சொன்னால் வரலாற்று ஆசிரியர்கள் கோபிக்கலாம், ஆனால் படித்துப் பார்த்தால் அந்த நினைப்புதான் வருது.

அந்த வரிசையில்தான் சித்திரகாரப்புலியும் இருக்கிறது. சம்ஸ்கிருதச் சொல்லோடு நம்ம ‘புலி’யை ஒட்டிய பெயர். ஓவியர்களை ஆதரித்தவன் என்ற அர்த்தத்தில் அவர் இதை வைத்துக்கொள்ளவில்லை. தன்னையே ஓவியர் வரிசையில் நிறுத்திக்கொள்கிறார்.

சரி, அவர் வரைந்த படம் எங்கே? எங்கேயும் இல்லை. இவருடையது என்று உறுதியாகச் சொல்ல ஒரு கோடுகூட இன்று மிஞ்சவில்லை.

சித்தன்னவாசல் இவருடையதா?

இணையத்தில் தேடினால், புதுக்கோட்டை பக்கம் உள்ள சித்தன்னவாசல் ஓவியங்கள் மகேந்திரவர்மன் காலத்தவை என்று இன்றும் பல பக்கங்கள் சொல்லும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆய்வாளர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். அப்புறம், இளங்கௌதமன் என்ற சமண ஆசிரியர் அந்தக் கோயிலைப் புதுப்பித்ததைச் சொல்லும் 9-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலக் கல்வெட்டு படிக்கப்பட்டது. இன்று நாம் பார்க்கும் தாமரைக் குளமும் நடனப் பெண்களும் அந்தக் காலத்தவை என்பதே இப்போது பெரும்பாலோர் ஏற்கும் கருத்து. ஆக, அதை இவர் கணக்கில் எழுத முடியாது.

எழுத்தில் ஒரு தடயம் இருக்கிறது. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் மாமண்டூர் குடைவரையில் உள்ள கல்வெட்டு மத்தவிலாசம் என்ற நாடகத்தைக் குறிப்பிடுகிறது. கூடவே இசை பற்றியும், தட்சிணசித்திரம் எனப்படும் தென்னாட்டு ஓவிய முறைக்கு எழுதப்பட்ட ஓர் உரை பற்றியும் பேசுவதாக ஆய்வாளர்கள் படித்திருக்கிறார்கள். பெயரைக் கேட்டதும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டு அருங்காட்சியகம் ஞாபகம் வருதா? அதே சொல்தான். ஆனால் கல்வெட்டு மோசமாகச் சிதைந்திருக்கு. அந்த உரை நமக்குக் கிடைக்கவும் இல்லை.

அப்போ எதை வைத்து இவரை ஓவியர் என்று நம்புவது? அதற்கு விழுப்புரம் வரை போகணும்.

செங்கல் இல்லை, மரம் இல்லை

விழுப்புரம், திண்டிவனம் பகுதியில் பாறையும் படமும் ரொம்பப் பழைய கூட்டாளிகள். விழுப்புரத்துக்கு மேற்கே கீழ்வாலையில் செங்காவி நிறத்தில் வரைந்த தொல்பழங்கால ஓவியங்கள் இருக்கின்றன. திண்டிவனம் பக்கம் பெருமுக்கல் மலையில் பாறைக் கீறல்கள் உண்டு. இதையெல்லாம் மகேந்திரவர்மன் பார்த்தாரா என்பதற்கு ஆதாரம் கிடையாது. வரையத் தோன்றுகிறவனைச் சும்மா விடாத நிலம் என்று மட்டும் சொல்லலாம்.

விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் சாலையில் சுமார் 20 கிலோமீட்டரில் மண்டகப்பட்டு. அங்கே ஒரு பாறையைக் குடைந்து கோயில் செய்திருக்கிறார். அதில் ஒரு சின்ன சம்ஸ்கிருதக் கல்வெட்டு. பிரம்மன், ஈசன், விஷ்ணு மூவருக்கும் விசித்திரசித்தன் எடுத்த கோயில் இது, இதில் செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுண்ணாம்பும் இல்லை என்பது அதன் சாரம். கோயிலுக்கு லக்ஷிதாயதனம் என்று பெயர்.

இன்று படிக்கும்போது, அதனால என்ன என்று தோணும். அன்று அது பெரிய விஷயம். அதுவரை தமிழகத்தில் கோயில் என்றால் செங்கல், மரம், சுதை. கல் என்பது இறந்தவர்களுக்கான பொருள்; நடுகல்லும் ஈமச் சின்னங்களும் கல்லில் இருந்ததால் சாமிக்குக் கல்லைப் பயன்படுத்தத் தயங்கினார்கள் என்று தொல்லியல் அறிஞர் கே.ஆர். சீனிவாசன் விளக்கினார். அந்தத் தயக்கத்தைத்தான் இந்தக் கோயில் உடைத்தது. அந்தக் கல்வெட்டில் சொந்தப் பெயரைவிட விசித்திரசித்தன் என்ற பெயர் பொருத்தம்தான்.

ஐடியா எங்கிருந்து வந்தது? பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ராய் ஒரு பதில் சொன்னார். கிருஷ்ணா நதிக்கரையில், இன்றைய விஜயவாடா பக்கம் உண்டவல்லி போன்ற குடைவரைகள் இருக்கின்றன. மகேந்திரவர்மன் அவற்றைப் பார்த்துத்தான் உந்துதல் பெற்றிருப்பார் என்பது அவர் கருத்து. இதை எல்லாரும் ஏற்கவில்லை. பயணத்தில் பார்த்தது மனசில் தங்கி, ஊர் திரும்பியதும் கை அரிப்பது யாருக்கும் நடக்கிற விஷயம்தானே என்று எனக்குப் படுது.

ஒரே தூண், மறுபடி மறுபடி

மண்டகப்பட்டுத் தூணைப் பாருங்க. கீழே சதுரம், நடுவில் எட்டுப் பட்டை, மேலே மறுபடி சதுரம். அவ்வளவுதான். ஸ்கேல் இல்லாமலே நம்மால் வரைய முடிகிற உருவம். இரண்டு ஓரத்திலும் மாடங்களில் வாயிற்காவலர்கள். மற்றபடி சுவர் வெறிச்சென்று இருக்கு.

அவர் இதோடு நிறுத்தியிருக்கலாம், புதுசா ஒன்று செய்து பெயரும் வாங்கியாச்சு. ஆனால் அதே சதுரம், எட்டுப் பட்டை, சதுரத் தூணை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறார். ஒவ்வொரு இடத்திலும் ஒன்றை மாற்றிப் பார்க்கிறார்.

அதே விழுப்புரம் வட்டாரத்தில் தளவானூர். இங்கே தூண்களுக்கு மேலே மகர தோரணம் வளைந்து வருகிறது. முகப்பில் கூடுகளுக்குள்ளிருந்து முகங்கள் எட்டிப் பார்க்கின்றன. கருவறை எதிரே இல்லாமல் பக்கவாட்டுச் சுவருக்குப் போய்விட்டது. வந்தவாசி பக்கம் சீயமங்கலத்தில் தூணோரத்தில் ஆடும் சிவன் ஒரு சின்னப் புடைப்பாக வருகிறார். தமிழகக் கல்லில் இருக்கும் மிகப் பழைய ஆடல்வல்லான் உருவங்களில் ஒன்று அது. மகேந்திரவாடியில் தனியாக நிற்கும் ஒற்றைப் பாறையையே குடைந்து பெருமாளுக்குக் கொடுத்துவிட்டார். பக்கத்திலேயே ஏரி. கடைசியில் திருச்சி மலைக்கோட்டை. அங்கே ஒரு சுவர் முழுக்கக் கங்காதரர். சடையை விரித்துக் கங்கையை வாங்கும் சிவன். வெறும் சுவரில் ஆரம்பித்தவர் சுவர் நிறைந்த காட்சிக்கு வந்து சேர்கிறார்.

எது முந்தி, எது பிந்தி என்பதில் சின்னச் சின்ன வாதங்கள் உண்டு. மண்டகப்பட்டு ஆரம்பத்தில், திருச்சி கடைசிப் பகுதியில் என்பது பொதுவாக ஏற்கப்படுவது. அப்படி வரிசைப்படுத்திப் பார்க்கும்போது, இவை எனக்குக் கோயில்களாக மட்டும் தெரியலை. ஒரே ஆளின் ஸ்கெட்ச்புக்கைப் பக்கம் பக்கமாகப் புரட்டுகிற மாதிரி இருக்கு.

உளி பிடித்தவர்கள் வேறு ஆட்கள் என்பது உண்மைதான். அவர்கள் பெயர்கள் நமக்குத் தெரியாமல் போனது வரலாற்றின் அநியாயம். மாமல்லபுரத்தில் பாதியில் நின்றுபோன குடைவரைகளைப் பார்த்தால் வேலை முறை புரியும். பாறை முகத்தைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, கோடுகளை ஆழமாக வெட்டி, நடுவில் நிற்கும் கட்டிகளை உடைத்து எடுத்துக்கொண்டே உள்ளே போவார்கள். முன்கூட்டியே திட்டமான வரைவு இல்லாமல் இது நடக்காது. தூண் எங்கே நிற்கணும் என்பது முதல் உளி விழும் முன்பே கோட்டில் இருக்கணும். கல்லில் ரப்பர் வைத்து அழிக்க முடியாது.

வெளியே போர்

இதெல்லாம் நிம்மதியான காலத்தில் நடந்தது என்று நினைத்தால் தப்பு. சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசி பல்லவர்களின் வடபகுதியைப் பிடித்தார். பல்லவ அரசன் காஞ்சி மதிலுக்குள் ஒளிந்துகொண்டதாகக் கி.பி. 634-ஆம் ஆண்டின் ஐஹொளே கல்வெட்டில் அவருடைய அவைப்புலவர் ரவிகீர்த்தி பெருமை பேசியிருக்கிறார். பல்லவர் தரப்பில் காசாக்குடிச் செப்பேடு, காஞ்சிக்குப் பக்கத்துப் புள்ளலூரில் மகேந்திரன் முக்கிய எதிரிகளை அழித்ததாகச் சொல்கிறது. இரண்டு பக்கமும் பிரஸ் ரிலீஸ் விட்டிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் வடக்கே போன நிலம் அவர் காலத்தில் திரும்பவில்லை.

மதப் பக்கமும் கொந்தளிப்பு. அவர் முதலில் சமணராக இருந்து அப்பரால் சைவத்துக்கு வந்தார் என்பது மரபு. பெரியபுராணம் பல்லவ மன்னன் மனம் மாறி, திருவதிகையில் குணபரவீச்சரம் எடுத்ததைச் சொல்கிறது. குணபரன் என்பதும் இவருடைய பட்டப்பெயர்களில் ஒன்று.

இந்த நிலைமையில்தான் அவர் ஒரு காமெடி எழுதினார். ‘மத்தவிலாசப் பிரகசனம்’ ஓரங்க சம்ஸ்கிருத நாடகம். கதை நடப்பது காஞ்சியில். கள் மயக்கத்தில் இருக்கும் காபாலிகன் தன் கபாலப் பாத்திரத்தைத் தொலைத்துவிட்டு ஒரு புத்தத் துறவி மேல் பழி போடுவான். தெருவே கூடிச் சண்டை நடக்கும். உண்மையில் அதைத் தூக்கிக்கொண்டு போனது ஒரு நாய். மதவாதிகள் எல்லாரையும் கிண்டலடிக்கும் இந்த நாடகத்தைத் திருவனந்தபுரத்தில் த. கணபதி சாஸ்திரி 1917-இல் பதிப்பித்தார். கேரளக் கூத்து மரபில் அது இன்றும் உயிரோடு இருக்கு.

ஒரு பக்கம் நிலம் போகுது, இன்னொரு பக்கம் மதச் சண்டை. ஆனால் பாறை, நாடகம், இசை, ஓவியம் என்று கை சும்மா இருக்கவே இல்லை. எல்லாம் சரியான பிறகு வரையலாம் என்று அவர் காத்திருந்திருந்தால், திருச்சி வரை போயிருக்கவே மாட்டார்.

வரைந்து கண்டுபிடித்தவர்

மேலே பார்த்த ழூவோ துப்ராய்க்கு இன்னொரு முறை வரணும். 1885-இல் பிறந்த இவர் புதுச்சேரியில் கல்லூரி ஆசிரியர். விழுப்புரம் வட்டாரம் அவருக்குப் பக்கத்து வீடு மாதிரி. 1914-இல் தென்னிந்தியத் தொல்லியல் பற்றிப் பிரெஞ்சில் ஒரு நூல் வெளியிட்டார். அதில் போதிகைகள், கூடுகள், தூண்கள் என்று கோட்டோவியங்கள் குவிந்து கிடக்கும். ஒரே உறுப்பைப் பல கோயில்களிலிருந்து வரைந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், காலப்போக்கில் வடிவம் எப்படி மாறியது என்று கண்ணுக்குத் தெரியும். கல்வெட்டே இல்லாத கோயிலுக்கும் அதை வைத்து வயது சொல்லலாம். மகேந்திரவர்மன் பாணி என்று இன்று நாம் தனியாகப் பேசுவதில் இந்த வரையும் பழக்கத்துக்குப் பெரிய பங்கு இருக்கு.

பனமலையில் பல்லவர் ஓவியத்தை வெளியுலகுக்குக் காட்டியதும் அவர்தான். அதுவும் விழுப்புரம் மாவட்டம். மகேந்திரவர்மனுக்கு ஏறக்குறைய நூறு வருஷம் கழித்து ராஜசிம்மன் கட்டிய தாளகிரீசுவரர் கோயிலில், ஒரு காலை மடக்கிச் சாய்ந்து நிற்கும் உமை. தலையில் மகுடம், மேலே குடை. சிவன் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஆடும் சிவன் பெரும்பாலும் உதிர்ந்துபோயிட்டார், பார்க்கிறவள் மிஞ்சினாள். சித்திரகாரப்புலியின் வீட்டில் தூரிகை எப்படி ஓடியிருக்கும் என்று ஊகிக்க நமக்கு இருக்கும் நெருங்கிய சாட்சி இதுதான்.

மகேந்திரவர்மன் இறந்தது கி.பி. 630 வாக்கில். வாதாபியைப் பிடித்துக் கணக்குத் தீர்த்தது மகன் நரசிம்மவர்மன். மாமல்லபுரம் ஆதிவராகக் குடைவரையில் இரண்டு அரசிகளோடு நிற்கும் ஓர் அரசரின் உருவத்துக்கு மேலே மகேந்திரன் என்று பெயர் வெட்டியிருக்கிறது. அது இவர்தான் என்று பலரும் கருதுகிறார்கள். இரண்டாம் மகேந்திரன் என்று சொல்வோரும் உண்டு.

மண்டகப்பட்டுக் குகைக்குள்ளே, பின்சுவரில் மூன்று அறைகள் வரிசையாக இருக்கின்றன. மூன்றிலும் சிலை கிடையாது. கல்லில் மூர்த்தி செதுக்கும் வழக்கம் அப்போது வரவில்லை. தெய்வ உருவங்கள் சுவரில் சுதை பூசி வண்ணத்திலோ, மரத்திலோ இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். வண்ணம் என்றால், தீட்டியது யார் கை? இன்று அந்த மூன்று சுவர்களிலும் வெறும் பாறைதான் இருக்கு.