ஃப்ளமென்கோவின் தாய்மண்ணில் பிறக்காத கிட்டார் மேதை: யார் இந்த சபிகாஸ்?

ஃப்ளமென்கோ கிட்டார்னு சொன்னதும் பலருக்கும் முதலில் ஞாபகம் வரும் பெயர் பாகோ தெ லூசியா. அந்தப் பாகோவுக்கே பாதையை மாற்றிக் காட்டியவர் ஒருவர் இருக்கிறார். அவர்தான் சபிகாஸ். ஆச்சரியம் என்னன்னா, அவர் ஃப்ளமென்கோவின் தாய்மண்ணில் பிறக்கவில்லை. வாழ்நாளின் பெரும்பகுதியை ஸ்பெயினிலும் கழிக்கவில்லை. அப்புறம் எப்படி இந்தக் கலை அவருக்குக் கைவந்தது?

பெயர் வந்த கதை

ஃப்ளமென்கோ பிறந்து வளர்ந்தது ஸ்பெயினின் தெற்கில் உள்ள ஆண்டலூசியாவில். செவில், ஹெரேஸ், காதிஸ் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. சபிகாஸ் பிறந்ததோ வடக்கே பாம்ப்லோனாவில், 1912-ல். காளைகள் தெருவில் ஓடுமே, அதே ஊர்தான். செவிலுக்கும் அதற்கும் சாலை வழியாகச் சுமார் 900 கிலோமீட்டர். அந்த வட்டாரத்தின் சொந்த இசையும் வேறு: ஹோட்டா.

இயற்பெயர் அகுஸ்தின் காஸ்தெயோன் காம்போஸ். ஜிப்சி குடும்பம். சின்ன வயதில் அவரை வகைப் பயறு ஒன்றை விரும்பிச் சாப்பிடுவாராம். அதைச் செல்லமாக ‘லாஸ் ஆபிகாஸ்’ என்பார்கள். வேகமாகச் சொன்னால் முதல் சொல்லில் இருக்கும் ‘ஸ்’ அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டிக்கொண்டதுதான் சபிகாஸ் என்ற பெயர்.

விரல் தனியாக, தாளம் கூட்டத்தோடு

முறையாக எந்த ஆசிரியரிடமும் அவர் படிக்கவில்லை. தானாகவே வாசித்துப் பழகினார். பத்து வயதிலேயே மேடை ஏறிவிட்டார். அந்தக் காலத்தின் பெரிய கிட்டார் கலைஞரான ரமோன் மொந்தோயாவின் பாணி அவரை நிறையவே பாதித்தது.

ஆனால் ஃப்ளமென்கோவில் விரல் வேகம் பாதிதான். மீதிப் பாதி, ‘கொம்பாஸ்’ எனப்படும் தாளச் சுற்று. உதாரணத்துக்கு, ‘சொலெயா’ என்ற வகையில் 12 எண்ணிக்கை ஒரு சுற்று. அழுத்தம் சீரான இடைவெளியில் விழாது. 3, 6, 8, 10, 12 என்று விழும். தெற்கத்திக் குழந்தைகள் இதை வீட்டு விசேஷங்களில் கைதட்டித் தட்டியே பழகிவிடுவார்கள். சபிகாஸ் மத்ரித் போய், அன்றைய முன்னணிப் பாடகர்களுக்குப் பக்கவாத்தியம் வாசித்துத்தான் பக்குவப்பட்டார். பாடகர் எங்கே மூச்சு விடுவார், எங்கே இழுப்பார் என்பதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்தால்தானே பிடிபடும்?

போர் துரத்திய கலைஞர்

1936-ல் உள்நாட்டுப் போர் வெடித்தது. சபிகாஸ் நாட்டைவிட்டு வெளியேறி லத்தீன் அமெரிக்கா போனார். அங்கே நடனப் புயல் கார்மென் அமாயாவுடன் சேர்ந்து ஊர் ஊராக நிகழ்ச்சி நடத்தினார். கார்மெனும் ஆண்டலூசியாக்காரர் இல்லை, பார்சிலோனாவில் பிறந்தவர். பிறகு மெக்சிகோவில் சில காலம், கடைசியில் நியூயார்க்.

இங்கேதான் முக்கியமான திருப்பம். ஃப்ளமென்கோவில் பாட்டுக்குத்தான் முதல் மரியாதை; கிட்டார் அதற்குத் துணை. நியூயார்க் ரசிகர்களில் பலருக்கோ ஸ்பானியப் பாட்டு வரிகள் புரியாது. பாடகர் இல்லாமல் கிட்டார் மட்டுமே ஒரு முழு மாலையைத் தாங்க வேண்டும். தனிக் கச்சேரி வாசித்தவர்கள் முன்பும் உண்டு. ஆனால் அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனதில் சபிகாஸின் பங்கு பெரிது. துல்லியமான ஒற்றைத் தந்தி ஓட்டங்கள், கட்டைவிரலை மட்டுமே வைத்து மேலும் கீழும் அடிக்கும் ‘அல்சபூவா’ எல்லாம் அவர் வாசிப்பின் அடையாளமாயின. 1970-ல் ஜோ பெக்கின் எலெக்ட்ரிக் கிட்டாரோடு சேர்ந்து ஒரு ராக் ஆல்பம்கூட வெளியிட்டார்.

நியூயார்க்கில் கிடைத்த அறிவுரை

1963. ஹோசே கிரேகோவின் நடனக் குழுவோடு அமெரிக்கா வந்த பதின்வயது பாகோ, சபிகாஸைச் சந்தித்தார். அப்போது பாகோ வாசித்ததெல்லாம் நீன்யோ ரிக்கார்தோ பாணி. அடுத்தவர் இசையை விட்டுவிட்டு உனக்கென்று சொந்தமாக உருவாக்கு என்று சபிகாஸ் அறிவுறுத்தினார். பாகோ அதை அப்படியே பிடித்துக்கொண்டார். யோசித்துப் பாருங்க, ஆண்டலூசியாவில் பிறந்த பையனுக்கு ஃப்ளமென்கோவில் திருப்புமுனை கிடைத்தது நியூயார்க்கில், ஒரு பாம்ப்லோனாக்காரரிடம்!

திரும்பி வந்தாரா?

சுமார் 30 ஆண்டுகள் கழித்து, 1967-ல்தான் சபிகாஸ் மறுபடி ஸ்பெயின் மண்ணை மிதித்தார். ஆனாலும் வாழ்க்கை நியூயார்க்கிலேயே தொடர்ந்தது. 1990 ஏப்ரலில் அங்கேயே காலமானார். உடல் பாம்ப்லோனாவில் அடக்கம் செய்யப்பட்டது.

இன்று யூடியூப் பார்த்து ஃப்ளமென்கோ பழகுபவர்கள் நிறைய. விரல் பயிற்சிக்கு அது போதும். சபிகாஸும் அதைத் தனியாகத்தான் செய்தார். ஆனால் தாளம் பழக அவருக்கும் பாடவும் ஆடவும் கூட ஆள் தேவைப்பட்டது. கைதட்ட இரண்டு நண்பர்கள் கிடைத்தால் விட்டுவிடாதீங்க!

கூடுதல் தகவல்: சபிகாஸ் நினைவாக பாம்ப்லோனாவில் 2014 முதல் ஃப்ளமென்கோ விழா நடக்கிறது. ஹோட்டா ஊரில் இப்போது ஃப்ளமென்கோவுக்கும் ஒரு மேடை இருக்கிறது.