ஒன்றே முக்கால் ரூபாய் கடனில் பிறந்த பத்திரிகை! காங்கிரசின் முதல் தீர்மானத்தைக் கொண்டு வந்த சென்னை வாத்தியார்

1885-ம் ஆண்டு டிசம்பர் 28-ந் தேதி. பம்பாயில் ஒரு சமஸ்கிருதக் கல்லூரி மண்டபம். நாட்டின் பல பகுதிகளில் இருந்து வந்த 72 பேர் அங்கே கூடி இருந்தார்கள். அதுதான் காங்கிரசின் முதல் மாநாடு.

முதல் தீர்மானத்தைக் கொண்டு வந்து பேசியவர், சென்னையில் இருந்து போனவர். பெயர் ஜி.சுப்பிரமணிய அய்யர். அப்போது அவருக்கு வயது 30.

இந்தியாவில் வெள்ளைக்காரர் நிர்வாகம் எப்படி நடக்கிறது என்று விசாரிக்க ஒரு கமிஷன் போட வேண்டும். அதில் இந்தியர்களும் இருக்க வேண்டும். இதுதான் தீர்மானம்.

இன்று பார்த்தால் சின்னக் கோரிக்கை. ஆனால், நாடு முழுவதன் சார்பில் வந்தவர்கள் ஒன்றாக உட்கார்ந்து ஆட்சியிடம் கணக்குக் கேட்டது லேசான காரியமா?

6 இளைஞர்கள்

சுப்பிரமணிய அய்யர் 1855-ல் திருவையாற்றில் பிறந்தவர். சென்னைக்கு வந்து வாத்தியார் வேலை பார்த்தார்.

1878-ல் டி.முத்துசாமி அய்யர் சென்னை ஐகோர்ட்டு நீதிபதியாக நியமிக்கப்பட்டார். அந்த நாற்காலியில் ஓர் இந்தியர் உட்காருவது அதுவே முதல் தடவை. வெள்ளைக்காரர்கள் நடத்திய பத்திரிகைகளுக்குப் பொறுக்கவில்லை. கண்டித்து எழுதின.

திருவல்லிக்கேணி இலக்கியச் சங்கத்தில் இருந்த 6 இளைஞர்களுக்குக் கோபம் வந்தது. 2 பேர் வாத்தியார்கள். 4 பேர் சட்டம் படிக்கும் மாணவர்கள். பதிலடி கொடுக்கச் சொந்தப் பத்திரிகை வேண்டும் என்று முடிவு செய்தார்கள். கையில் காசு கிடையாது.

1 ரூபாய் 12 அணா கடன் வாங்கினார்கள். 1878 செப்டம்பர் 20-ந் தேதி 'இந்து' வாரப் பத்திரிகை வெளிவந்தது. அச்சடித்தது 80 பிரதிகள். ஆசிரியர், சுப்பிரமணிய அய்யர்.

தமிழ்ப் பத்திரிகை

இங்கிலீஷில் எழுதினால் கவர்னர் படிப்பார். வக்கீல்கள் படிப்பார்கள். வரி கட்டும் குடியானவனுக்கு என்ன தெரியும்?

இதை யோசித்து 1882-ல் 'சுதேசமித்திரன்' என்ற தமிழ் வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். 1884-ல் சென்னை மகாஜன சபை அமைத்தவர்களில் அவரும் ஒருவர். மறு வருடம்தான் பம்பாய் மாநாடு.

மகளுக்கு மறுமணம்

ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு ஒதுங்கிக் கொள்ளும் ரகம் அல்ல அவர். சிறு வயதிலேயே விதவையான தம் மகளுக்கு 1889-ல் மறுமணம் செய்து வைத்தார்.

சாதிக்காரர்கள் சும்மா விடுவார்களா? ஒதுக்கி வைத்தார்கள். தேச விடுதலை பேசிய நண்பர்களிலேயே பலர் இந்த விஷயத்தில் அவரை விட்டு விலகி நின்றார்கள். அவர் அசையவில்லை.

1897-ல் லண்டன் போய், இந்தியாவின் செலவுகளை விசாரித்த வெல்பி கமிஷன் முன்பு சாட்சி சொன்னார். 1898-ல் 'இந்து'வை விட்டு விலகினார். 'சுதேசமித்திரன்' மட்டும் அவர் கையில் இருந்தது. 1899-ல் அதைத் தினசரி ஆக்கினார்.

1904-ல் சுப்பிரமணிய பாரதியை அழைத்து வந்து உதவி ஆசிரியர் வேலை கொடுத்தவரும் அவர்தான்.

ராஜத்துரோக வழக்கு

1905-ல் வங்காளத்தை இரண்டாகப் பிரித்தார்கள். நாடே கொதித்தது. கமிஷன் கேட்டு மனுப் போட்ட சுப்பிரமணிய அய்யரின் எழுத்திலும் சூடு ஏறியது. ஊர் ஊராகப் போய்த் தமிழிலேயே பேசினார். சுதேசித் துணி, சுதேசித் தொழில் என்று ஜனங்களுக்குப் புரிகிற பாஷையில் சொன்னார்.

இங்கிலீஷ் மனுக்களைப் பொறுத்துக் கொண்ட சர்க்காருக்குத் தமிழ்ப் பேச்சும் தமிழ் எழுத்தும் பொறுக்கவில்லை. வ.உ.சிதம்பரனாருக்குத் தண்டனை விதிக்கப்பட்ட அதே 1908-ல் சுப்பிரமணிய அய்யரும் ராஜத்துரோகக் குற்றச்சாட்டில் கைதானார்.

உடம்பு நோயால் நொந்து போயிருந்த நேரம். பிணை எழுதிக் கொடுத்து வெளியே வர வேண்டி இருந்தது. அதன் பிறகு பழைய வேகம் திரும்பவில்லை. 1915-ல் 'சுதேசமித்திரன்', ஏ.ரங்கசாமி அய்யங்காரிடம் போயிற்று.

1916 ஏப்ரல் 18-ந் தேதி சுப்பிரமணிய அய்யர் காலமானார். பம்பாயில் அவர் முதல் தீர்மானத்தைக் கொண்டு வந்து அப்போது 30 வருடம் ஆகி இருந்தது. சுதந்திரம் வர இன்னும் 31 வருடம் பாக்கி இருந்தது.