வள்ளல் அல்ல, உழைப்பாளி!

தைப் பொங்கலன்று கம்பம் பள்ளத்தாக்குக்குச் சென்றால் ஒரு புதுமையைக் காணலாம். பாலார்பட்டியில் உழவர் பெருமக்கள் ஒரு வெள்ளைக்காரர் பெயரால் பொங்கல் வைக்கிறார்கள்! வீட்டுச் சுவரிலே அவர் படம். பெற்ற பிள்ளைக்கு அவர் பெயர். தேனியில் பேருந்து நிலையத்துக்கும் அவர் பெயர். வெள்ளையரை வெளியேற்றிய நாட்டில் இது என்ன விந்தை என்று வெளியூர்த் தோழர் கேட்கக்கூடும். கூடலூர் தொடங்கிச் சின்னமனூர் வரை இரண்டு போகம் விளையும் நெல்வயலைப் பார்த்தபின் அந்தக் கேள்வி எழாது.

ஜான் பென்னிகுயிக் 1841 ஜனவரி 15இல் புனே நகரில் பிறந்தவர். படைவீரர் குடும்பம். 1849 ஜனவரி 13இல், பஞ்சாபில் சிலியன்வாலா போர்க்களத்தில், அவருடைய தந்தையும் அண்ணனும் ஒரே நாளில் மடிந்தனர். சிறுவனுக்கு எட்டு வயது நிறைய இன்னும் இரண்டே நாள்! அந்தச் சிறுவனும் வளர்ந்து படையிலேதான் சேர்ந்தார், ஆனால் பொறியாளர் பிரிவில். 1860இல் சென்னை மாகாணத்துக்கு வந்தார். அபிசீனியா மீது 1868இல் நடந்த படையெடுப்பிலும் கலந்துகொண்டு பதக்கம் பெற்றார். அந்தப் படையெடுப்பு ஏகாதிபத்தியம் நடத்தியது; அதை மறைத்துவிட்டு அவரைப் பாராட்ட நமக்கு விருப்பமில்லை. 1879இல் கிரேஸ் என்னும் அம்மையாரை மணந்தார். ஐந்து பெண்கள், ஒரு மகன். மகன் பின்னாளில் இங்கிலாந்தில் நீதிபதியானார்.

இனி அணைக்கு வருவோம். பெரியாறு மேற்கே ஓடி அரபிக்கடலில் கலக்கிறது. மலைக்கு இந்தப் பக்கம் வைகை வறண்டு கிடக்கிறது. அந்த நீரை இங்கே திருப்பினால் என்ன என்ற எண்ணம் வெள்ளைக்காரர் மூளையில் முதலில் உதித்தது என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள், தோழர்களே! ராமநாதபுரத்துப் பிரதானி முத்திருளப்பபிள்ளை 1789லேயே ஆள் அனுப்பி ஆராய்ந்தார். எண்ணம் இருந்தது, பணம் இல்லை. 1808இல் வந்த கால்டுவெல் என்ற கம்பெனிப் படை அதிகாரி ஆகாத காரியம் என்று எழுதிவிட்டுப் போனார். பிறகு 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம்! எலும்பும் தோலுமாய் மக்கள் மாண்ட கொடுமைக்குப் பிறகே அரசாங்கத்துக்குப் பெரியாறு மறுபடி நினைவுக்கு வந்தது. 1882இல் திட்டத்தைத் திருத்தி வகுக்கும் பொறுப்பு பென்னிகுயிக்கிடம் வந்தது. 1886 அக்டோபர் 29இல் திருவிதாங்கூர் மன்னரோடு 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய்.

1887இல் வேலை தொடங்கிற்று. யானையும் புலியும் உலவும் காடு. வெள்ளம் ஒருபுறம், காய்ச்சல் ஒருபுறம். ஆற்றைத் தடுக்கப் போட்ட தற்காலிகக் கரையை வெள்ளம் அடித்துக்கொண்டு போகும், மறுபடி போடுவார்கள், அதையும் அடித்துக்கொண்டு போகும். கருங்கல், சுண்ணாம்பு, சுர்க்கி ஆகியவற்றைக் கொண்டு 155 அடி உயரம், 1,200 அடி நீளத்துக்கு அணை எழும்பிற்று. அணை மட்டும் போதுமா? நீர் இந்தப் பக்கம் வர மலையைக் குடைய வேண்டுமே! துளையிட்டு, வெடி வைத்து, ஒரு மைலுக்கும் அதிகமான நீளத்துக்குச் சுரங்கம் வெட்டினார்கள். 1895 அக்டோபரில் ஆளுநர் வென்லாக் வந்து திறந்து வைத்தார்.

இங்கே ஒரு கதையைப் பற்றிப் பேசியாக வேண்டும். மேடைக்கு மேடை நாம் கேட்ட கதைதான். வெள்ளத்துக்குப் பிறகு அரசாங்கம் பணம் தர மறுத்தது. பென்னிகுயிக் இங்கிலாந்துக்குப் போய்ச் சொத்தையும் மனைவியின் நகையையும் விற்று அணையைக் கட்டி முடித்தார் என்பது கதை. கேட்போர் கண் கலங்குகிறது. கைதட்டல் கூரையைப் பிளக்கிறது. ஆனால் அதற்கு ஆதாரமான ஆவணம் எதுவும் இதுவரை வெளிப்படவில்லை. செலவு 80 லட்சம் ரூபாய்க்கும் மேல். அதைச் சென்னை அரசாங்கமே கொடுத்தது. அந்த அரசாங்கத்தின் பெட்டியில் இருந்தது யார் பணம்? உழுதவன் கட்டிய தீர்வை, உப்புக்குக் கொடுத்த வரி! தண்ணீர் வந்த பிறகு அதற்கும் தீர்வை வாங்கினார்கள்.

கதை இனிக்கிறதே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று சிலர் நம்மிடம் சொல்வதுண்டு. நாம் ஒப்பமாட்டோம். தானமாக வந்த தண்ணீர் என்றால் நன்றி சொல்லிக் கைகட்டி நிற்க வேண்டும். வரியும் உயிரும் கொடுத்து வாங்கிய தண்ணீர் என்றால் நிமிர்ந்து நின்று கேட்கலாம். 2014இல் உச்சநீதிமன்றம் 142 அடி வரை நீர் தேக்க உரிமை உண்டென்று தீர்ப்பளித்ததே, எதை வைத்து? நகை விற்ற கதையை வைத்தா? ஒப்பந்தத்தையும், அணை உறுதியாக இருக்கிறது என்று நிபுணர்கள் சொன்ன அறிக்கையையும் வைத்தல்லவா!

உயிர் என்றோம். வேலை நடந்த காலத்தில் நோயால் மட்டும் 483 பேர் மாண்டதாகக் கணக்கு இருக்கிறது. அணைக்கு வடக்கே அவர்களுக்கு இடுகாடு. கல் சுமந்தவர்கள், சுண்ணாம்பு அரைத்தவர்கள், பாறை உடைத்தவர்கள், பயனியர் படையின் சிப்பாய்கள், கொச்சித் தச்சர்கள் எல்லோரும் சேர்ந்துதான் அந்த அணையைக் கட்டினார்கள்.

சொத்து விற்ற கதை போனால் பென்னிகுயிக்கின் பெருமை குறைந்துவிடுமா? சம்பளத்துக்கு வேலை செய்த அதிகாரிகள் ஆயிரம் பேர். கரை உடைந்ததும் முடியாது என்று எழுதிக் கோப்பைக் கட்டிவைத்துவிட்டு உதகைக்குக் குளிர் காயப் போனவர்கள் எத்தனையோ பேர்! காய்ச்சல் காட்டில் எட்டாண்டுக் காலம் அந்த வேலையை விடாமல் நடத்தி முடித்தவர் அவர். கட்டுமானத் தொழில் தெரிந்த எந்தக் கொத்தனாரையும் கேளுங்கள், அந்த உறுதியின் விலை என்னவென்று சொல்வார்.

1896இல் இந்தியாவை விட்டுச் சென்று, இங்கிலாந்தில் கூப்பர்ஸ் ஹில் பொறியியல் கல்லூரிக்குத் தலைவராக இருந்தார். ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரத்து ஆற்று வெள்ளத்தைத் தடுக்க வழி சொல்ல 1899இல் அவரைத்தான் அழைத்தார்கள். 1911 மார்ச் 9இல் கேம்பர்லியில் மறைந்தார். அருகே பிரிம்லி தேவாலயத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். லோயர் கேம்ப்பில் 2013இல் தமிழ்நாடு அரசு மணிமண்டபம் எழுப்பிற்று. 2022இல் கேம்பர்லியிலும் அவருக்குச் சிலை வைத்தது.